ஒத்துப்போகாத குரல்

என் குரல் என் குரலையே துரோகி என்று திட்டியதை நான் முதலில் கேட்டது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது.

தெருவின் ஒரு முனையிலிருந்து ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. "கட்சியைக் காட்டிக்கொடுத்த துரோகிகளை அடையாளம் காண்பீர்" என்றது. அது நான் பேசியதுதான். அதில் வியக்க ஒன்றுமில்லை. கட்சிக்காக நான் பதிவு செய்து கொடுத்த சொற்கள் பல வருஷமாக இந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதே நேரத்தில் மறுமுனையிலிருந்து இன்னொரு வண்டி வந்தது. "துரோகிகள் என்று பழி சுமத்தும் துரோகிகளை அடையாளம் காண்பீர்." அதுவும் நான்தான்.

எங்கள் தெரு குறுகல். எங்கள் வாசலுக்கு நேரே இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்காக நின்றுவிட்டன. ஓட்டுநர்கள் இருவரும் இறங்கினார்கள். ஒருவர் சிகரெட்டுக்கு மற்றவர் நெருப்பு கொடுத்தார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துக்கொண்டார்கள். அவர்கள் தலைக்கு மேல் நான் மட்டும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா வண்டிகளைப் பார்த்து, "எதுக்கும்மா இப்படிக் கத்தற? தொண்டை கட்டிக்கும்" என்றார்.

நான் அவருக்குப் பின்னால், ஈரக் கையோடு நின்றிருந்தேன்.

அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு முகங்கள். ஒரு நாள் என்னை நிமிர்ந்து பார்த்து, யாரைப் பார்க்கணும் என்று மரியாதையாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ சொன்னேன். உடனே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஓ, நீயா" என்றார். முகம் போய்விட்டது, குரல் இருந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் படுக்கும்போதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார், நான் பேசுவேன். பேசும்வரை நான் மகள். நிறுத்தினால் வேலைக்கு வந்த யாரோ ஒரு அம்மா. பிழைப்புக்காக நாளெல்லாம் பேசிவிட்டு வந்து, மகளாக இருப்பதற்காக மறுபடியும் பேசினேன். ஒருத்தி தன் குரலின் நூலில் எவ்வளவு நாள் தொங்க முடியும் என்று சில சமயம் யோசிப்பேன். யோசிக்கும்போது பேச்சு நின்றுவிடும். அவர் கண்ணைத் திறந்துவிடுவார்.

அதனால் அந்த வண்டிகளை நிறுத்தியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கு ஒரு மகள் போதும்.

முதலில் வெட்டுக்காரரிடம் போனேன். ஒலிப்பதிவுக் கூடம் நடத்துபவர் அவர். பேச்சை வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால் அந்தப் பெயர். அவரிடம் வேலை செய்யும் முறை இப்படி: முழு வாக்கியமாக எதையும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொல்ல வேண்டும். பிறகு அவர் தேவைப்பட்டபடி கோத்துக்கொள்வார். உணர்ச்சி இருந்தால் சொல் ஒட்டாது என்பார். அதனால் 'துரோகி' என்ற சொல்லையும் கடை விளம்பரத்துக்கான 'பாதி விலை' என்ற சொல்லையும் நான் ஒரே தொனியில்தான் சொல்லியிருந்தேன். என் மூச்சுகளைக்கூட வெட்டித் தனியாக வைத்திருந்தார். இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சைச் செருகினால் உயிருள்ள மனுஷி பேசுவது போலவே இருக்குமாம்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றினார். "கட்சி உடைஞ்சப்ப சொத்துப் பிரிச்சாங்க. நாற்காலியைப் பிரிக்க முடியல. உங்களைப் பிரிச்சுட்டாங்க. ஆளுக்கு ஒரு பிரதி" என்றார்.

நாற்காலியின் கதை ஊருக்கே தெரியும். கட்சியைத் தொடங்கிய தலைவர் இறந்ததும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அலுவலகத்தில் காலியாகிவிட்டது. அதில் இனி யாருமே உட்காரக் கூடாது என்றார் செயலாளர். யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றார் பொருளாளர். கொள்கை வேறுபாடு முற்றிக் கட்சி இரண்டாயிற்று. முன்னதற்கு வெற்றிட அணி என்று பெயர், பின்னதற்கு அமர்வு அணி.

மறுநாள் கட்சி அலுவலகத்துக்குப் போனேன். அப்பாவைத் தனியாக விட முடியாது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தின் நடுவே நாற்காலி. சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் செயலாளரின் மேசை, அந்தப் பக்கம் பொருளாளரின் மேசை. இரண்டுக்கும் மேலே ஒரே மின்விசிறி. அதன் வேகத்தை ஒருவர் கூட்டுவார், இன்னொருவர் எழுந்து போய்க் குறைப்பார். நான் இருந்த நேரம் முழுக்க அது நடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

செயலாளர் என்னை உட்காரச் சொன்னார். நான் எதைக் கேட்க வந்தேன் என்று கேட்காமலே விளக்கத் தொடங்கினார். பதவி ஆசை தனக்கு அறவே கிடையாதாம். "அந்த நாற்காலி காலியா இருக்கிற வரைக்கும் கட்சியை நடத்தறது யாரு? பக்கத்துல நிக்கிறவன்தானே. நான் நிக்கிறேன். சாகற வரைக்கும் நிக்கத் தயார். இதுல என்னம்மா சுயநலம்?"

கயிற்றைச் சுற்றிக்கொண்டு பொருளாளரிடம் போனேன். அவரும் தேநீர் வரவழைத்தார். காலி நாற்காலி கட்சிக்கே அவமானம் என்றார். யார் உட்கார வேண்டும் என்று தான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை என்பதை நான் கவனிக்க வேண்டுமாம். "யாராவது ஒருத்தர்னுதான் சொல்றேன். அந்த யாராவது நான் இல்லாம வேற யாருன்னு தொண்டர்கள் சொல்லட்டும், அடுத்த நிமிஷமே அவரைக் கட்சியை விட்டு நீக்கிட்டு ஒதுங்கிக்கிறேன்."

நான் என் வேண்டுகோளைச் சொன்னேன். என் பழைய பதிவுகளை வைத்துப் புதுப் பேச்சு செய்ய வேண்டாம். வீட்டில் அப்பா குழம்பிப்போகிறார்.

இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவர் எந்த அணி?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பிரச்சினை விசாரணைக் குழுவுக்குப் போயிற்று. குழுவின் தலைவரை எல்லாரும் நடுநிலையாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் கூட்டத்தைத் தொடங்கும்போது அதையே சொன்னார். "நான் எந்தப் பக்கமும் சாராதவன். அந்த ஒரே தகுதிக்காக இன்னிக்கு என் பின்னால ஒரு பெரிய கூட்டமே திரண்டிருக்கு. அவங்களை வெச்சு நான் என்ன வேணும்னாலும் செய்யலாம். இதுவரைக்கும் செய்யல. அதுதான் நடுநிலை." அவருடைய கூட்டம் கைதட்டியது. நடுநிலை அணி அப்படித்தான் பிறந்தது.

விசாரணையின் முதல் கேள்வி என் குரல் எந்த அணியின் குரல் என்பது. என் குரல் என்னுடையது என்றேன். அது நிரூபிக்கப்பட வேண்டிய வாதம் என்று குறித்துக்கொண்டார்கள். சோதனைக்கு ஒரு முறையும் கண்டுபிடித்தார்கள். அதே அலுவலகக் கூடத்தின் மேடையில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் நான், எனக்குப் பக்கத்தில் வெட்டுக்காரரின் ஒலிப்பெட்டி. ஒரு முறை பெட்டி பேசும், ஒரு முறை நான் பேசுவேன். எது உண்மையான குரல் என்று தொண்டர்கள் கை தூக்கிச் சொல்வார்கள்.

பெட்டி, "எழுச்சி மிக்க தொண்டர்களே" என்றது. நானும், "எழுச்சி மிக்க தொண்டர்களே" என்றேன். பெட்டியில் இருந்தவள் பல வருஷம் முன்பு பேசியவள். அவளுக்கு அம்மா இருந்தாள். அப்பா அவளை முகம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ராத்திரியில் நன்றாகத் தூங்குவாள். அவளுடைய தொண்டையில் இடறுவதற்கு ஒன்றுமே இல்லை. அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றபோது எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. இருவரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் அவளுக்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

பெட்டி பெரும் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது.

நடுநிலையாளர் எழுந்து தீர்ப்பை வாசித்தார். பதிவில் உள்ள குரலே கட்சியின் உண்மையான குரல். மனுதாரரின் குரல் அதனுடன் ஓரளவு மட்டுமே ஒத்துப்போகிறது. ஆகவே தொண்டர்களிடையே குழப்பம் உண்டாகாமல் இருக்க, மனுதாரர் இனி அந்தக் குரலில் பொதுவில் பேசுவதைத் தவிர்க்க வேண்டும். மீறினால் கட்சியிலிருந்து நீக்கப்படுவார்.

நான் கட்சியிலேயே இல்லை என்றேன். அதைத் தீர்ப்பின் முதல் மீறலாகப் பதிவு செய்துகொண்டு, அங்கேயே நீக்கினார்கள்.

தலைவர் இறந்த பிறகு எல்லா அணிகளும் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. கூடத்தில் பல பேர் கண் கலங்கினார்கள். செயலாளரும் பொருளாளரும் கயிற்றுக்குக் குறுக்கே கட்டித் தழுவிக்கொண்டார்கள். தழுவியபடியே இருவரும் அடுத்தவர் தோளுக்கு மேலாக, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

அப்போதுதான் அப்பாவைக் காணோம் என்று கவனித்தேன். கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அவர் எழுந்து, மேடையேறி, திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டிருந்தார். என்னைத் தாண்டிப் போனார். ஒலிப்பெட்டியின் மேல் கையை வைத்தார், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல.

நான் அவர் தோளைத் தொட்டு, "அப்பா, வாங்க. வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். சிறிது நேரம் பொறுத்து என்னோடு வந்தார். அன்றைக்கு வந்தார்.

படியிறங்கும்போது வெட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நல்ல சொல் ஒன்று கிடைத்துவிட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். "இவ்வளவு வருஷத்துல நீங்க உணர்ச்சியோட பேசி இன்னிக்குத்தான் கேட்டேன்" என்றார். ஒலிவாங்கியை யாரும் அணைக்கவில்லை என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

தீர்ப்பை நடைமுறைப்படுத்த எங்கள் வாசலில் இரண்டு தொண்டர்களை நிறுத்தினார்கள், வெற்றிட அணிக்கு ஒருவர், அமர்வு அணிக்கு ஒருவர். நல்ல மனுஷர்கள்தான். வெயிலில் நிற்கிறார்களே என்று நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் அக்கா, ஜன்னலுக்கு வெளியே கேட்டால் மட்டும் அது பொதுக்கூட்டம் என்று விளக்கினார்கள்.

நான் தாழ்ந்த குரலில் பேசப் பழகினேன். முதலில் ஜன்னலுக்காக, பிறகு பழக்கத்தால். தாழ்த்தத் தாழ்த்தக் குரல் கரகரத்தது. சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா நெற்றியைச் சுருக்குவார். யாரோ தொலைவிலிருந்து பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது போலத் தலையைச் சாய்ப்பார். பாதி வாய்ச் சோற்றோடு கண்ணைத் திறந்து, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். அவர் என்றுமே பண்பான மனிதர்.

இதற்குள் வெற்றிட அணியும் இரண்டாக உடைந்துவிட்டது. காலி நாற்காலியைத் தூசி தட்டலாமா கூடாதா என்பது விவகாரம். தூசி தட்டுவது பாதி உட்காருவதற்குச் சமம் என்றது ஒரு பிரிவு. தலைவரின் நினைவின் மேல் தூசி படிய விடுவது கொலைக்குச் சமம் என்றது இன்னொன்று. ஆக வண்டிகள் நாலாயின. நாலிலும் நான். காலையில் பால் காய்ச்சும்போது தூசி தட்ட வேண்டும் என்பேன். துணி காயப்போடும்போது தட்டினால் கை இருக்காது என்பேன். மதியம் நடுநிலையாக இருப்பேன். வீட்டுக்குள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அந்த வாரம் வெட்டுக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். செயலாளர் அணிக்கு ஒரு புது அறிவிப்பு செய்திருப்பதாகவும், மரியாதைக்காக முதலில் எனக்குப் போட்டுக் காட்டுவதாகவும் சொன்னார். பிரிந்து போன மூத்த தொண்டர்களைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பாம். விசையைத் தட்டினார்.

"அப்பா, வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

விசாரணைக் கூடத்தில் நான் சொன்னது. ஆனால் நான் சொன்ன மாதிரி இல்லை. தெளிவாக, இளசாக, களைப்பே இல்லாமல் இருந்தது.

"கரகரப்பை வழிச்சு எடுத்துட்டேன். பழைய பதிவோட ஒத்துப்போகணும் இல்லையா? வயசைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன்" என்றார். 'அப்பா'வை வெட்டிவிடத்தான் பார்த்தாராம். மூச்சோடு மூச்சாக ஒட்டிக்கொண்டிருந்ததால் வெட்ட முடியவில்லை. பெரியவர்களைக் கூப்பிடுவதற்கு அதுவே பொருத்தம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். சொல்லும்போது செயலாளருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்றார்.

இரண்டு நாளில் அது எங்கள் தெருவுக்கும் வந்தது. கொல்லைப்பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தேன். "அப்பா, வாங்க" என்று கேட்டது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஜன்னலோர நாற்காலியில் அப்பா இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பு அங்கேயே கிடந்தது.

காவலுக்கு நின்ற தொண்டர்கள் இருவரும் அவர் போனதைப் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஒருவர் இடது பக்கம் என்றார். அவர் அப்படிச் சொன்னதால் மற்றவர் வலது பக்கம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வலது என்றவர் மெல்ல என்னருகே வந்து, "இடதுதான் அக்கா. நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க" என்றார்.

இடது பக்கம் ஓடினேன். அந்த அறிவிப்பு வெற்றி பெற்றிருந்தது. ஆகவே எல்லா அணிகளும் அதையே எடுத்துக்கொண்டிருந்தன. கடைத்தெருவில் அப்பா, வாங்க என்றது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அப்பா, வாங்க என்றது. மேம்பாலத்தின் அடியில் எதிரொலித்தது. நான் அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஏற்கெனவே ஊர் முழுக்க நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல குரலில், நாலு பக்கமும், ஓயாமல். அதற்கு மேல் நான் எதைச் சேர்ப்பது? வாயை மூடிக்கொண்டு ஓடினேன். சில கிழவர்கள் தங்கள் வாசலில் வந்து நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தங்களைக் கூப்பிட்டுவிட்டுப் போனது போல இருந்தது அவர்கள் முகம். ஒருவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடைச் சந்திப்பில் வண்டி நின்றிருந்தது. முன்னிருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் அப்பா. வெறுங்கால். புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இவ்வளவு அமைதியாக அவரை நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவராகவே ஏறி உட்கார்ந்துகொண்டார் என்றார் ஓட்டுநர். இறங்கச் சொன்னால் மகள் கூப்பிட்டாள் என்கிறாராம்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "அப்பா, வாங்க. வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. விரலை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்கம்மா. என் பொண்ணு பேசிட்டிருக்கா."

நான் மறுபடி சொன்னேன். என்னால் முடிந்த அளவு தெளிவாக, கரகரப்பை விழுங்கி, அந்தப் பெட்டிக்காரியைப் போலவே சொல்லிப் பார்த்தேன். சந்திப்பில் நின்றவர்களில் ஒருவர், அந்த வண்டியில் பேசும் அம்மா மாதிரியே பேசுகிறாரே என்று பாராட்டினார். இன்னொருவர், கிட்டத்தட்ட, ஆனால் ஒத்துப்போகவில்லை என்றார்.

ஓட்டுநரிடம் அதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்துவதானால் செயலாளரிடமும் அணிக்குப் புதிதாகப் போட்டிருக்கும் ஒருங்கிணைப்பாளரிடமும் கேட்க வேண்டும், இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, விசையைத் தட்டினார்.

தெரு அமைதியாயிற்று. அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார். இருக்கையின் அடியில் குனிந்து தேடினார். "எங்க போனா?" என்றார். "இப்பத்தானே இருந்தா." நான் இங்கேதான் இருக்கிறேன் அப்பா என்றேன். அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, ரொம்பப் பணிவாக, "அவளைப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். உதடு நடுங்கத் தொடங்கியது. எழுபது வருஷம் வாழ்ந்த மனிதர், கூட்டத்தில் கைவிட்டுப்போன குழந்தையைப் போல அழப்போகிறார் என்று தெரிந்தது.

"போடுங்க" என்றேன்.

ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.

"போடுங்கண்ணே. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அவர் விசையைத் தட்டினார். நான் ஏறி அப்பாவை ஒட்டி உட்கார்ந்தேன். அவருடைய தோள் மெல்லத் தளர்ந்தது. வண்டி நகர்ந்தது. எங்கள் தெரு முனை வந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். நான் ஒன்றும் சொல்லாததால் தாண்டிப் போனார்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நெரிசலான வண்டியில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிப்பது போலத்தான்.

"நல்லாப் பேசறா இல்ல?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடியிருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை.